இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது?

கயல், ஞாயிற்றுக்கிழமை தேவனாம்பட்டினம் கடற்கரையில் நாலு பேர் பார்க்க என்னிடம் சண்டை போட்டுவிட்டு, வாங்கின சுண்டலைக்கூட முடிக்காமல் சென்னை பஸ் ஏறிப் போய்விட்டாய். போனில் பேசலாம் என்றால் இரண்டாவது நிமிடமே வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்துக்கு நடுவில் நீ குறுக்கே பேச முடியாது பார். பாதியில் உனக்குக் கோபம் வரும், அதற்குப் பிறகு வேறு ஏதாவது வரும். எது வந்தாலும் கடைசிவரை படி. இதை நான் உறையில் போட்டு ஒட்டவில்லை. உன் தோழிகளுக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றினால் காட்டு, எனக்கு ஆட்சேபணை இல்லை.

"உனக்கு ஊர்ல இருக்குற எல்லார் மேலயும் சந்தேகம். இட்லி மாவு விக்கிறவங்ககிட்டயே இன்னைக்கு அரைச்சதான்னு மூணு வாட்டி கேக்குற ஆளு நீ" என்று கத்தினாய். ஆமாம், கேட்பேன். மூன்றாவது தரம் கேட்கும்போதுதான் "நேத்து சாயங்காலம் அரைச்சதும்மா" என்று உண்மை வரும். ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் வண்டி நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொள்கிறவள் நான். புவனகிரியிலிருந்து உன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்களே, மறுநாளே பஸ் பிடித்துப் போய், அவர்கள் தெரு மளிகைக் கடையில் அரைக் கிலோ துவரம்பருப்பு வாங்கிக்கொண்டே பையனைப் பற்றி விசாரித்தேன். "அந்தப் புள்ளையா? அதுக்கு ஒசூர்ல ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்குதுன்னு பேசிக்கிறாங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் கடைக்காரர் சம்சாரம். அன்றைக்கு நீ என் சந்தேகத்தைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாய். இப்போது அதே சந்தேகம் உனக்குக் கசக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபீஸ் பயிற்சிக்காக ஒரு வாரம் பாரீஸ் போகிறாய். அந்த வாரம் முழுக்க ஆபீஸ்காரர்கள் ஓட்டலில் தங்க வைக்கிறார்கள், சரி. அதற்குப் பிறகு ஆறு நாள் தனியாக ஊர் சுற்றப் போகிறாய், அதுவும் சரி. நம்ப மாட்டாய், அதில் எனக்குச் சந்தோஷம்தான். இருபத்தேழு வயதில் நான் சிதம்பரத்தைத் தாண்டிப் பார்த்த ஊர் வைத்தீஸ்வரன்கோயில். நீயாவது உலகத்தைப் பார். ஆனால் அந்த ஆறு நாளைக்கும் யாரோ ஒருத்தர் வீட்டு மாடியறையை, இன்டர்நெட்டில் அறை பிடித்துத் தருகிற ஒரு சைட்டில் பார்த்துப் பிடித்திருக்கிறாய். வீட்டுக்காரம்மா தமிழ், பூர்வீகம் காரைக்கால், அவள் அம்மா பிறந்தது நம் கடலூர் முதுநகர் என்று சொன்னாளாம். அங்கேதான் நீ விழுந்தாய். பக்கத்துப் பாண்டிச்சேரியில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் பிரான்சில் ஒரு மாமாவோ மச்சானோ இருப்பார். அதனால் பாரீஸ் என்றால் நம் பக்கத்து ஜனங்களுக்கு அடுத்த பஸ் ஸ்டாப் என்று நினைப்பு.

"அக்கா ரொம்ப நல்ல மாதிரிம்மா, காலையில இட்லி சாம்பார் குடுத்துடறேன்னு சொல்றாங்க" என்று நீ சிரித்துக்கொண்டே அவள் அனுப்பியதைப் படித்துக் காட்டினாய். 'வாம்மா, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்க' என்று ஆரம்பித்திருந்தாள். கொஞ்சம் கீழே, மாதக் கடைசிக்குள் சைட்டில் போட்ட புக்கிங்கைக் கேன்சல் செய்துவிட்டுப் பணத்தை நேராகத் தன் அக்கவுண்டுக்கு அனுப்பிவிடும்படி எழுதியிருந்தாள். நமக்குள் நடுவில் கமிஷன்காரன் எதற்கு என்று ஒரு காரணமும் சொல்லியிருந்தாள். ஏன் கயல், உன் ஆபீஸில் ஆயிரம் ரூபாய் சாமான் வாங்கினால்கூட பில் இல்லாமல் விடுவார்களா? சைட் வழியாகப் போனால் நாளைக்கு அங்கே வீடே இல்லையென்றாலும் போய்க் கேட்க ஒரு வாசல் இருக்கிறது. நேராக அனுப்பிவிட்டால், நீ அந்த வீட்டில் தங்கினாய் என்பதற்கே சாட்சி கிடையாது. பேசுவது முழுக்க சைட்டுக்குள்ளேயே பேசு என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்களாமே, எதிர்வீட்டு டீச்சர் மகன் படித்துச் சொன்னான். ஒருத்தர் நம்மைக் கைபிடித்து அந்த வெளிச்சத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனால், எதற்கு என்று கேட்க வேண்டாமா?

படத்தையும் காட்டினாய். வெள்ளை விரிப்பு, ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி, ஜன்னலுக்கு வெளியே அந்த ஊர் இரும்புக் கோபுரம். ஜன்னலில் கோபுரம் தெரிகிறது என்று நீ சொன்னதும் சுண்டல் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்துவிட்டேன். என் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுத்தான் "ஆரம்பிச்சிட்டியா" என்றாய். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். கடற்கரையில் அத்தனை பேர் நடுவில் வாய் வரவில்லை.

கடலூருக்கு வருவதற்கு முன்னால் சிதம்பரத்தில் நாம் இருந்த வீடு உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், கீழ வீதிக்குப் பின்னால் அந்தச் சந்து. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி தரிசனத்துக்கும் லாட்ஜெல்லாம் நிரம்பிப்போனால், நம் மாடியறை இரண்டையும் வெளியூர்க்காரர்களுக்கு விடுவோம். அப்பாவுக்குக் கடலூரில் வேலை, விடிந்து போனால் இருட்டித்தான் வருவார். அறைகளைப் பார்த்துக்கொண்டது நானும், அப்பாவின் தம்பி, உன் சித்தப்பாவும். போன் வந்தால் நான்தான் எடுப்பேன். "வாங்கம்மா, நம்ம வீடு மாதிரி நெனச்சுக்குங்க. மொட்டை மாடியில நின்னா கோபுரம் கைக்கெட்டுற மாதிரி தெரியும். காலையில சூடா இட்லி குடுத்துடறேன்." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கோபுரம் தெரியும், பொய்யில்லை. தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நுனிக்காலில் நின்றால் கலசம் தெரியும். விசிட்டிங் கார்டு அச்சடித்தோமே, அதில் இருந்த பால்கனி பக்கத்து வீட்டுப் பால்கனி. வந்தவர்கள் கேட்டால், "அதுவா, அது போன வருஷம் இடிச்சிட்டோங்க" என்பார் சித்தப்பா. நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பேன்.

ஆக, உன் பாரீஸ் அக்கா பேசுகிற பாட்டு எனக்கு மனப்பாடம். இட்லி போடுகிற கை தப்புப் பண்ணாது என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. முறை வைத்துக் கூப்பிட்டுவிட்டால் போதும், நாம் பெட்டியைத் திறந்து காட்டிவிடுவோம். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று நம்மிடமே பழமொழி இருக்கிறது, இருந்து என்ன செய்ய. அந்தப் படங்களை எடுத்து இன்டர்நெட்டில் போட்டுத் தேடிப் பார், அதே பூத்தொட்டி வேறு எந்த ஊர் வீட்டிலாவது இருக்கிறதா என்று. புவனகிரி மளிகைக் கடைக்கு நான் போன மாதிரி, நீ அந்தத் தெருவை மேப்பில் நடந்து பார். தங்கிவிட்டுப் போனவர்கள் எழுதியதில் புகழ்ச்சியை விடு, திட்டினவர்கள் என்ன எழுதினார்கள் என்று படி. அதுவும் தனியாகத் தங்கின பெண்கள் எழுதினதைத் தேடிப் படி.

இனிமேல்தான் உனக்குக் கோபம் வரப்போகிறது. "நம்பர் அனுப்புறேன், நீயே பேசிப் பாரு, அப்பதான் உனக்கு அடங்கும்" என்று சொல்லி அனுப்பினாய் இல்லையா? செவ்வாய்க்கிழமை மத்தியானம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டேன். தேன் ஒழுகப் பேசினாள். "கயலு எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா, நீங்க ஒண்ணுத்துக்கும் கவலப்படாதீங்க" என்றாள். தெருக்கதவிலிருந்து அறை வரைக்கும் வீடியோவில் நடந்து காட்ட முடியுமா என்று கேட்டேன். "இப்ப வெளியில இருக்கேம்மா, அப்பறமா காட்டுறேன்" என்றாள். இதை எழுதுகிற வியாழக்கிழமை வரைக்கும் காட்டவில்லை.

"அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பா இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"அது இன்னாத்துக்கும்மா? பூட்டு இருக்குது. நம்ம வீடுதானே."

"சரிம்மா. பூட்டுக்கு இன்னொரு சாவி யாருகிட்ட இருக்குது?"

"என் தம்பிகிட்ட ஒண்ணு இருக்கும்மா. பைப்பு, ஹீட்டர் எல்லாம் அவன்தான் பாத்துக்குவான். தங்கமான பையன். எங்க குடும்பத்துல அப்படிப்பட்ட ஆளுங்க யாரும் கிடையாது."

எப்படிப்பட்ட ஆள் என்று நான் கேட்கவே இல்லையே, கயல். போனை வைத்துவிட்டேன். அந்த அம்மா உண்மையிலேயே நல்லவளாக இருக்கலாம். அந்தத் தம்பியும் தங்கமாகவே இருக்கலாம், எங்கோ இருக்கிற ஒரு பையன் மேல் பழி போட நான் யார்? ஆனால் அவள் சொன்னாளே அந்தக் கடைசி வார்த்தை, அது நான் சொன்ன வார்த்தை. எழுத்து மாறாமல் நான் ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறேன்.

நீ ஒன்பதாவது படித்த வருஷம், மார்கழி தரிசனத்துக்குத் திருச்சியிலிருந்து ஒரு அம்மாவும் காலேஜ் படிக்கிற மகளும் வந்து நம் மாடியறையில் தங்கினார்கள். மழை ஈரத்தில் கதவு உப்பி, உள்தாழ்ப்பாள் விழாமல் இருந்தது. வந்தன்றே அந்தப் பெண் சொன்னாள். "நாளைக்கு ஆசாரி வர்றாரு" என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். மறக்கவில்லை, அலட்சியம். மறுநாள் மத்தியானம் தலைவலி என்று அவள் மட்டும் கோயிலிலிருந்து திரும்பி வந்து, கதவைச் சாவியால் பூட்டிக்கொண்டு படுத்தாள். அரை மணி நேரம் இருக்கும், துப்பட்டாவை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பாதி இறங்கி நின்றாள்.

"ஆன்ட்டி, ரூமுக்கு இன்னொரு சாவி இருக்கா?"

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"கண்ணு முழிச்சுப் பாத்தா கட்டில் பக்கத்துல அந்த அண்ணன் நின்னுக்கிட்டு இருந்தாரு. மோட்டார் சுவிட்ச் பாக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

நம் வீட்டு மோட்டார் சுவிட்ச் எங்கே இருந்தது? மாடிப்படிக்குக் கீழே. அவள் நின்ற படிக்கு நேர் கீழே இருந்தது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த உன் சித்தப்பாவுக்குத் தெரியாதா? இரண்டாவது சாவி அவரிடம் இருந்ததும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும் என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "நல்லா பாத்தியாம்மா? தலைவலியோட படுத்தவ, கனவு கினவு கண்டிருப்ப. எங்க குடும்பத்துல அப்படிப்பட்ட ஆளுங்க யாரும் கிடையாது." அவள் அழவில்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்து அம்மா வரும்வரை காத்திருந்தாள். அவள் அம்மா வந்ததும் கூச்சல் போடுவாள், சந்தே கூடிவிடும் என்று பயந்தேன். அவளும் கூச்சல் போடவில்லை. துணிகளை மடித்து வைத்துக்கொண்டே, "உங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கு இல்லீங்களா?" என்று மட்டும் கேட்டாள். தரிசனம் பார்க்காமலே போய்விட்டார்கள். அவர்கள் பையை ஆட்டோ வரைக்கும் தூக்கிக்கொண்டு போனவள் நீதான். "ஏம்மா அதுக்குள்ள போறாங்க?" என்று வந்து கேட்டாய். ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லையாம் என்றேன்.

மறுநாள் காலையிலேயே ஆசாரியைக் கூப்பிட்டேன். மாடியறைக்கு இல்லை. உன் அறைக் கதவுக்கு உள்பக்கம் புதிதாகப் பித்தளைத் தாழ்ப்பாள் போடச் சொன்னேன். எதற்கு என்று நீ கேட்டதற்கு, "படிக்கிற புள்ளைக்குத் தொந்தரவு இருக்கக் கூடாதுல்ல" என்றேன். உன் சித்தப்பாதான் பக்கத்தில் நின்று ஆசாரிக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவாக எடுத்துக் கொடுத்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என்னைப் பார்க்கவில்லை. அன்றைக்கே மாடிச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டார், நானும் எடுத்துக்கொண்டேன். அந்தப் பெண் கண்டது கனவு என்று நான் நம்பியிருந்தால் தாழ்ப்பாள் எதற்கு? அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து ஆகும், குடும்பம் உடையும், சந்தில் தலைகாட்ட முடியாது என்று எனக்கு நானே நூறு காரணம் சொல்லிக்கொண்டேன். அப்பா போய்ச் சேரும்வரை அவருக்குத் தெரியாது. மானம் மானம் என்று பொத்திப் பொத்தி வைத்தேன். யாருடைய மானம்? அந்தப் பெண் பெற்றவளோடு தலைகுனிந்து பஸ் ஏறினாள், நான் அடுத்த ஆனிக்கும் அதே அறையை அதே பேச்சுப் பேசி வாடகைக்கு விட்டேன். கேவலம் கயல், எழுதும்போதே என் மேல் எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

பாரீஸ் போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. போ. ஆனால் அந்த அறை வேண்டாம். அதற்குப் பதில் எந்த அறையை எடுத்தாலும் முதலில் கதவைப் பார். உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா, அது விழுகிறதா என்று நீயே போட்டுப் பார். இல்லாவிட்டால் கதவுக்கு அடியில் செருகுகிற ரப்பர் ஆப்பு ஒன்று வாங்கித் தருகிறேன், பெட்டியில் வைத்துக்கொள், எடை ஒன்றும் ஜாஸ்தி இல்லை. சாவி எத்தனை, யார் யாரிடம் என்று சைட்டிலேயே எழுதிக் கேள், பதிலும் எழுத்தில் வரட்டும். பகல் வெளிச்சத்தில் போய் இறங்கு. உள்ளே போனதும் பெட்டியைத் திறக்காதே, முதலில் சுற்றிப் பார். கட்டிலைப் பார்த்த மாதிரி ஒரு கடிகாரம், தேவையில்லாத இடத்தில் ஒரு சார்ஜர், கூரையில் புகை வந்தால் அலறுகிற மணி என்று எது இருந்தாலும் அதற்குள் கேமராக் கண் இருக்கிறதா என்று பார். ஒன்று மட்டும், உண்மையான புகை மணியைக் கழற்றி வைத்துவிடாதே, தூக்கத்தில் தீப்பிடித்தால் ஆளை எழுப்புவது அதுதானாம். பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையில் கொடுத்துவிட்டு வராதே, காட்டு, வாங்கி வைத்துக்கொள். ஏதோ சரியில்லை என்று உனக்குத் தோன்றினால் போதும். சாட்சி தேட வேண்டாம், யாருக்கும் நிரூபிக்க வேண்டாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு நல்ல ஓட்டலில் அறை எடு. எவ்வளவு ஆனாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். வீட்டுக்காரர்கள் மனசு கஷ்டப்படுமே என்று ஒரு நிமிடம்கூட நினைக்காதே. நம் பெண்களை அப்படி நினைக்கச் சொல்லி வளர்த்தோம், என் போன்ற வீட்டுக்காரிகளுக்கு அது எத்தனை வசதியாகப் போய்விட்டது தெரியுமா?

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் கடிதத்தை முடித்துவிடலாம் என்று பேனாவை இரண்டு தரம் மூடி வைத்தேன். புறப்படுவதற்கு முன்னால் சிதம்பரம் போய்ச் சித்தப்பா காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றாய். வேண்டாம். ஏன் என்று இப்போது உனக்குத் தெரியும். அவர் உன்னைத் தூக்கி வளர்த்தார், பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டார், உனக்கு அவர் மேல் உயிர் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இத்தனை வருஷம் வாயைத் திறக்கவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குப் பயம்.

ஒன்பதாம் வகுப்பில் உன் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டேன். அதற்கு முன்னால் பதினாலு வருஷம் அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் உன்னை உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ என்ன சொல்லிவிடுவாயோ என்று, ஊரையெல்லாம் மூன்று தரம் கேட்கிற நான், உன்னை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு எப்போதாவது ஏதாவது நடந்ததா, கயல்?

ஒன்றும் நடக்கவில்லை என்றால், என்னைத் திட்டி ஒரு வரி அனுப்பு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். சொல்ல ஏதாவது இருந்தால் இன்றைக்கே சொல்ல வேண்டும் என்றில்லை. அங்கே போய்ச் சொல்லலாம், பத்து வருஷம் கழித்தும் சொல்லலாம். நீ எப்போது சொன்னாலும், "நல்லா பாத்தியா" என்று கேட்க மாட்டேன்.

அம்மா